தீயணைப்பு நிலையத்துக்கு எந்தப் பெட்டி?

1987 செப்டம்பர் 5, சனி

நாளை ஓட்டு. அதனால் இன்று எட்டு மணிக்கு மேல் கிளப்பில் ஒயின் கிடையாது. ஒயின் இல்லாமல் சண்டை சூடு பிடிக்காது என்று பேக்கரிக்கார நண்பன் தாச்சோ பயந்தான். பிடித்தது. நன்றாகவே பிடித்தது.

வழக்கம் போல ஜன்னல் பக்கத்து மேஜைகளில் கமடோர் கம்ப்யூட்டர்காரர்கள் நாங்கள். பந்து உருட்டும் களத்தை ஒட்டி எம்எஸ்எக்ஸ் கம்ப்யூட்டர்காரர்கள். எங்கள் ஊர் எல் சௌசலில் இத்தனை பிளக் பாயின்ட் உள்ள கூடம் இது ஒன்றுதான். இல்லாவிட்டால் அவர்களோடு ஒரே கூரைக்குக் கீழே யார் உட்காருவார்கள்? நடுவில் சீட்டாடுகிறவர்கள். இரண்டு பக்கத்துச் சத்தமும் அவர்கள் தலையில்தான் விழும்.

ஆரம்பித்தது எரால்டோ புஸ்திந்துய். மாட்டு டாக்டர், எம்எஸ்எக்ஸ் கூட்டத்துக்குத் தலைவர், ஆரம்பப் பள்ளியில் என் பின் பெஞ்சு. கிளப்பில் மட்டும் நான் அவனுக்கு மரியாதை கொடுத்துப் பேசுவேன். அதுதான் அவனுக்கு எரியும்.

"நெலா, உன் கமடோர்ல ஒரு புத்தாண்டு வாழ்த்து அடிச்சுக் காட்டேன் பாப்போம்."

எல்லோரும் சிரித்தார்கள். கமடோர் கீபோர்டில், எங்கள் மொழியில் தலையில் வளைவு போட்டு எழுதும் 'ஞ' எழுத்து கிடையாது. அந்த வளைவு இல்லாமல் 'ஆண்டு' என்று அடித்தால் அது பின்பக்கத்தைக் குறிக்கும் வார்த்தையாகிவிடும். இந்த ஒரே ஜோக்கை வைத்து ஒரு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறார்கள்.

"டாக்டரே, நாங்க வாழ்த்து அடிக்கறதில்லே, பாடறோம். எங்க பெட்டி மூணு குரல்ல பாடும். உங்களுது பாடினா டெலிபோன் எங்கேஜ்டா இருக்குன்னு நெனச்சு வெச்சுடறாங்க. ஸ்கிரீன்ல அந்தப் பொம்மை ஆமையை ஓட்டிக்கிட்டு கோடு போடுங்க, போங்க."

"ஆமைதான் போடுது. உங்க பெட்டில ஒரு கோடு போடவே அரைப் பக்கம் நம்பர் அடிக்கணுமே, தாயே!"

அப்போதுதான் சீட்டாட்ட மேஜையிலிருந்து லுசியானி எழுந்தார். பகலில் இரும்புக் கடை, சைரன் ஊதினால் தீயணைப்புத் தொண்டர்களின் கமாண்டர். சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தார்.

"ஒரு வருஷமா கத்தறீங்க, எது பெரிய பெட்டின்னு. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். அறுவடை வருது. நெருப்புன்னு போன் வந்தா எந்த வயல், எந்தக் கேட், தண்ணி எங்கேன்னு நிலையத்துக் காவல் அறையில உக்காந்திருக்கிறவனுக்குத் தெரியணும். அதைச் சொல்ற பெட்டி எதுவோ, அதுதான் பெரிய பெட்டி. நவம்பர் கடைசி சனிக்கிழமை ரெண்டு பேரும் நிலையத்துக்கு வந்து காட்டுங்க. டி.வி. கடைக்காரர் ஒரு பெட்டி நன்கொடையாத் தரேன்னிருக்கார். ஜெயிச்சது எதுவோ அது. இப்போ வாயை மூடுங்க, நான் ஜெயிக்கற ஆட்டம் இது."

நான் புஸ்திந்துயைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். ஆகட்டும்.

செப்டம்பர் 6

ஓட்டுப் போட்டேன். வரிசையில் நிற்கும்போதே புரோகிராமின் பாதி மனதுக்குள் எழுதியாகிவிட்டது.

செப்டம்பர் 12

ஏன் இவ்வளவு வெறி என்று தாச்சோ கேட்டான். "ஒரு பெட்டிதானே நெலா, ஏன் உயிரை விடறே?" பேக்கரி வைத்திருக்கிறவனுக்கு எல்லாமே மாவுதான், பிசைந்தால் சரியாகிவிடும்.

அவனுக்குச் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன். போன ஜனவரி. தெற்கே கோதுமை பற்றிக்கொண்டது. தீயணைப்பு வண்டி பெரிய கேட்டுக்குப் போனது, அது சங்கிலி போட்டுப் பூட்டிய கேட். ரயில் பாதைப் பக்கம் ஒரு திறந்த வழி இருக்கிறது. கூட்டுறவுச் சங்கத்தின் எடைமேடையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அது தெரியும். லாரிக்காரர்கள் எல்லோரும் அந்த வழியாகத்தான் வருகிறார்கள். புகையை என் ஜன்னலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. வயலில் நின்றிருந்த லாரிக்காரர் கிரெசென்சியோவின் லாரி எரிந்துபோயிற்று. பன்னிரண்டு வருஷம் ஓட்டிய லாரி. அதன் பிறகு அவர் எடைமேடைக்கு வருவதே இல்லை.

இந்த முறை கேட்பார்கள். காவல் அறையில் என் புரோகிராம் இருக்கும். என் கமடோரில்.

அக்டோபர் 3

எடைமேடையில் லாரி நிற்கிற நேரத்தில் ஆளாளுக்கு ஒரு கேள்வி. "எங்கேருந்து வர்றீங்க, எந்தக் கேட், தண்ணித் தொட்டி எந்தப் பக்கம், மழையில வண்டி இறங்குமா?" அவர்களுக்கும் உற்சாகம். ஒருவர் போய் இன்னொருவரிடம் சொல்லி, இப்போது கேட்காமலே சொல்கிறார்கள்.

இவர்கள் வயலுக்கு வைத்திருக்கும் பெயர்களே தனி. நொண்டி டேன்காரர் வயல் (டென்மார்க்கிலிருந்து வந்து குடியேறியவர்கள் எங்களுக்கு டேன்காரர்கள்). ரெட்டைக் காற்றாலை. மாமியார் மூலை. ஒருவரும் பத்திரத்தில் இருக்கும் பெயரைச் சொல்வதில்லை. நானும் அப்படியே ஏற்றிக்கொள்கிறேன். பதறிப்போய் போன் பண்ணுகிறவன் வாயில் எது வருமோ அதுதான் பெட்டிக்குள் இருக்க வேண்டும்.

அக்டோபர் 10

ஓடுகிறது! 'ரெட்டை' என்று பாதி அடித்தாலே போதும்: வழி, கேட், தண்ணீர், மழை வந்தால் எந்தப் பக்கம். மதியம், ஊரே தூங்கும் நேரத்தில், வீட்டுக்குள் தனியாகக் கை தட்டினேன். நாய் எழுந்து பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டது.

கோடு போட அரைப் பக்கமாம். எனக்குக் கோடே வேண்டாம், டாக்டரே.

அக்டோபர் 24

வேலைக்கு நடுவே ஒரு சின்ன விடுமுறை. தாச்சோ தலைநகரிலிருந்து புது விளையாட்டுக் கேசட்டுகள் கொண்டுவந்தான். காப்பியின் காப்பியின் காப்பி. ஒன்றும் பெட்டியில் ஏறவில்லை. இதெல்லாம் எங்களுக்குப் பழக்கம். கமடோர்காரர் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒரு சின்ன ஸ்குரூ டிரைவர் இருக்கும். டேப் பெட்டியில் நாடாவைப் படிக்கிற 'தலை' ஒரு மயிரிழை சாய்ந்திருந்தாலும் கேசட் ஏறாது. டேப் பெட்டி மூடியில் உள்ள சின்னத் துளைக்குள் அதை விட்டு ஸ்குரூவை இப்படி ஒரு துளி, அப்படி ஒரு துளி திருப்பினால் ஏறிவிடும். ஏறிற்று. குகைக்குள் குதிக்கும் ஒரு பூனை. நான் தாச்சோவைத் தோற்கடித்தேன், மறுபடியும் தோற்கடித்தேன். அவன் மனம் வெறுத்துக் குரோசான் சாப்பிட்டான்.

அவன் போன பிறகு மாமியார் மூலைக்கு இரண்டு தொட்டிகள் சேர்த்து, மொத்தத்தையும் புது கேசட்டில் பதிந்து வைத்தேன்.

நவம்பர் 7

கிளப்பில் புஸ்திந்துய் அளக்கிறான். அவன் புரோகிராமில் வரைபடம் வருமாம், நிறம் நிறமாக. "வயல்காரர் பேரை அடிச்சாப் போதும், அவர் நிலம் அப்படியே ஸ்கிரீன்ல." வயல்காரர் எல்லோர் வீட்டுப் பசுவுக்கும் அவன்தான் பிரசவம் பார்க்கிறான், ஒவ்வொரு கேட்டும் பூட்டும் அவனுக்கு நேரில் தெரியும். இதை நான் ஒப்புக்கொள்கிறேன். இங்கே மட்டும்.

"உன்னுது எப்படி இருக்கு நெலா? ஒரு தடவை காட்டேன்."

"காட்டுவேன் டாக்டரே. இருபத்தெட்டாம் தேதி. கைக்குட்டை எடுத்துட்டு வாங்க."

யாருக்கும் முன்கூட்டிக் காட்டுவதாக இல்லை. தாச்சோவுக்குக்கூட இல்லை. அவன் வாயில் மாவு மட்டும்தான் ஒட்டும், ரகசியம் ஒட்டாது.

நவம்பர் 14

எடைமேடை நேரம் போக மீதி எல்லாம் இதற்கே. நூற்றுக்கு மேல் வயல் ஏறியாகிவிட்டது. ஒவ்வொரு கேசட்டையும் வீட்டில் திரும்ப ஏற்றிப் பார்த்தேன். பிசகே இல்லை.

நவம்பர் 21

கமாண்டர் விதி சொல்லிவிட்டார்: இரண்டு பக்கமும் சொந்தப் பெட்டி கொண்டுவரக்கூடாது. டி.வி. கடையிலிருந்து இரண்டும் புதுசாக வரும், நாம் கேசட் மட்டும் கொண்டுபோனால் போதும். புஸ்திந்துயின் யோசனையாம், நான் ஏதாவது உள்ளே செருகி வைத்திருப்பேன் என்று பயம். பயப்படட்டும்.

நவம்பர் 27

முடி வெட்டிக்கொண்டேன். நீல உடை. கேசட் கைப்பையில். நாளை இந்நேரம் பேச்சு என்னைப் பற்றித்தான் இருக்கும்.

நவம்பர் 28

என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

நவம்பர் 29, ஞாயிறு

சரி, எழுதித்தான் ஆக வேண்டும்.

நிலையம் நிறைய ஜனம். வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். முதலில் நான். கடைக்காரரின் புத்தம் புதுப் பெட்டி, புத்தம் புது டேப். கேசட்டைப் போட்டேன். காத்திருந்தேன். ஸ்கிரீனில் தவறு என்று வந்தது. இரண்டாவது முறையும் தவறு. கையிருப்பு கேசட், அதுவும் தவறு. யாரோ இருமினார்கள். ஒரு குழந்தை "அம்மா, எப்போ ஆரம்பிப்பாங்க?" என்றது. என் காது கொதித்தது. தாச்சோ ஸ்குரூ டிரைவரோடு எழுந்தான், கடைக்காரர் பாய்ந்து வந்து மறித்தார்: "புதுப் பெட்டி! யாரும் தொடக் கூடாது!"

பிறகு புஸ்திந்துய். சாதாரண டேப் ரெக்கார்டர் ஒன்று, பாட்டுக் கேட்கிற மாதிரி. முதல் தடவையே ஏறிற்று. நிறம் நிறமாக வரைபடம், வயல்காரர் பெயர், கேட், தொட்டி, வளைவு போட்ட எழுத்து உட்பட. கை தட்டல் நிற்கவே இல்லை. அவன் என்னைப் பார்த்து ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. அதுதான்... அதுதான் தாங்க முடியவில்லை. அடிச்சுத் தொலைச்சிருக்கலாமே!

இன்று காலை வீட்டில் போட்டேன். ஏறிற்று, முதல் தடவையே! பத்து முறை போட்டேன், பத்து முறையும் ஏறிற்று. அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. பூனை. அந்தக் கேடுகெட்ட பூனை! தாச்சோவின் கோணல் கேசட்டுக்காக நான் தலையைக் கோணலாகத் திருப்பினேன். திரும்ப நிமிர்த்தவே இல்லை. அதற்குப் பிறகு பதிந்தது எல்லாம் கோணல். கோணல் தலை கோணல் நாடாவைப் படிக்கிறது, என் வீட்டில் எல்லாம் சரியாகவே இருந்தது. உலகத்திலேயே என் பெட்டி ஒன்றால்தான் என் கேசட்டைப் படிக்க முடியும்.

புரோகிராமில் பிழை இல்லை. கமடோரிலும் பிழை இல்லை. பிழை நான். அடி முட்டாளே, இன்னொரு வீட்டில் ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்திருக்கக் கூடாதா? பார்த்திருக்கலாம். கௌரவம் விட்டால்தானே.

நவம்பர் 30

கமாண்டரின் கடைக்குப் போய் விளக்கினேன். ஆணி எடை போட்டுக்கொண்டே கேட்டார்.

"நான் நம்பறேன்மா. ஆனா நெருப்புப் பிடிக்கும்போது இப்படி ஆச்சுன்னா? ஊர் முன்னாடி ஒண்ணு ஓடிச்சு, ஒண்ணு ஓடல. எம்எஸ்எக்ஸ்தான்னு கடைக்காரர்கிட்ட சொல்லிட்டோம். விடு."

விடவில்லை. ஆனால் வெளியே வந்துவிட்டேன்.

டிசம்பர் 2

எம்எஸ்எக்ஸ்காரர்கள் இரண்டு பேர் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எடைமேடை வழியாக நிலையத்துக்குப் போனார்கள். அது சுற்று வழி. வேண்டுமென்றேதான்.

டிசம்பர் 5

கிளப்புக்குப் போனேன். போகாமல் இருந்தால் தோற்றுவிட்டேன் என்று ஆகிவிடும். எம்எஸ்எக்ஸ்காரன் ஒருவன் என் மேஜையில் ஒரு ஸ்குரூவை வைத்து, "நெலா, இது உன் தலையிலேருந்து கழண்டதா?" என்றான். "ஆமாம், கொடு. உன் தலையில முறுக்கப் பிடிமானமே இல்லே, மொத்தமும் காலி" என்றேன். எங்கள் பக்கம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டிசம்பர் 15, செவ்வாய்

அறுவடையின் உச்சம். வெயில், வடக்குக் காற்று, எடைமேடைக்கு முன்னால் லாரி வரிசை சாலை வரை. மூன்று மணி இருக்கும், போன் அடித்தது. காவல் அறையிலிருந்து ஒரு தொண்டன்.

"நெலா, 'நொண்டி டேன்காரர்'னா யாரு? ஒரு லாரிக்காரன் போன் பண்ணிட்டு வெச்சுட்டான். பெட்டி வயல்காரர் பேரைக் கேக்குது! டேன்காரங்க இங்க முப்பது பேர் இருக்காங்க! டாக்டர் எங்கேயோ பசு பாக்கப் போயிருக்காரு, ஆள் அகப்படல!"

"சோரன்சன். வயல் இப்போ அவர் மருமகன் பேர்ல இருக்கு, அதை விடு. பெரிய கேட்டுக்குப் போகாதே. பள்ளிக்கூடம் தாண்டி இடது பக்கம் மண் ரோடு. யூக்கலிப்டஸ் வரிசைக்குப் பின்னாடி தொட்டி. ரொம்பி இருக்கு, நேத்துதான் ஒருத்தர் சொன்னார். ஓடு!"

என்னிடம் கேட்பதற்கு முன்னால் அவன் இருபது பேருக்குப் போன் பண்ணியிருக்கிறான். ஒரு அறுவடை இயந்திரமும் ஒரு பெரிய துண்டு கோதுமையும் போயின. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

போனை வைத்ததும் ஒரு நொடி எனக்குச் சந்தோஷம் வந்தது. பார்த்தாயா, உன் நிறம் நிறமான வரைபடம்! அடுத்த நொடி ஜன்னலில் புகை தெரிந்தது. வெட்கமாக இருந்தது. அடுத்த லாரியை எடை போட்டேன்.

டிசம்பர் 19

கிளப்பில் எங்கள் பக்கம் திருவிழா. தாச்சோ ஆமை வடிவத்தில் ஒரு கேக் செய்து, அதை எம்எஸ்எக்ஸ் மேஜைக்கு அனுப்பினான். புஸ்திந்துய் இல்லை. அவன் ஆட்கள் கேக்கைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்கள். நான் கமாண்டரிடம் நேராகப் போனேன்.

"இப்போ என் பெட்டியை வைங்க. தலையை நிமிர்த்திட்டேன், எல்லாத்தையும் மறுபடி பதிஞ்சுட்டேன். தாச்சோ வீட்ல, கடையில, எல்லா எடத்துலயும் ஏறுது."

"அறுவடை நடுவுல பெட்டி மாத்த மாட்டேன். ஆளுங்க இப்போதான் இதைப் பழகியிருக்காங்க. உன் பேருங்களை இந்தப் பெட்டிக்குள்ள போட முடியுமா? போடு. இல்லேன்னா ஜனவரில மறுபடி உனக்குத்தான் போன் வரும், அப்போ நீ வீட்ல இல்லேன்னா?"

"எம்எஸ்எக்ஸுக்கு நான் ஒரு வரி எழுத மாட்டேன்."

"சரிம்மா," என்றார். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

டிசம்பர் 20, ஞாயிறு

மதியம், ஊர் தூங்குகிறது. வாசலில் மாட்டு டாக்டரின் வண்டி. கையில் பெட்டி, கக்கத்தில் டேப் ரெக்கார்டர், சட்டையில் கன்றுக்குட்டி வாசனை. கதவைத் திறந்தேன், உள்ளே வா என்று சொல்லவில்லை. அவனாக வந்தான்.

சுரைக்குடுக்கையில் மாத்தே இலைத் தேநீர் போட்டேன். விரோதிக்கும் மாத்தே போடுவது இந்த ஊர் வழக்கம், என்ன செய்வது. அவன் உறிஞ்சிவிட்டுச் சுரைக்குடுக்கையைத் திருப்பித் தந்தான். மறுபடி ஊற்றினேன். வெந்நீர் தீரப் போகும்போதுதான் வாயைத் திறந்தான்.

"நான் வயல்காரங்க பேரைப் போட்டேன். நான் பில் போடறது அவங்களுக்குத்தானே, எனக்கு அந்தப் பேருதான் தெரியும். நெருப்பைப் பாக்கறவன் வயல்காரன் இல்லேங்கறது எனக்குத் தோணவே இல்லே, நெலா. உனக்குத் தோணிச்சு."

"எனக்கு லாரிக்காரங்களைத்தான் தெரியும், அவ்வளவுதான்."

"இருபத்தெட்டாம் தேதி உன்னுது ஓடியிருந்தா அந்தக் கோதுமை எரிஞ்சிருக்காது."

"ஓடலையே."

"ஓடல."

"அன்னிக்கு ஏன் ஒரு ஜோக்கும் அடிக்கலே?"

"உன் மூஞ்சியைப் பாத்தேன். அடிக்க வரல." பிறகு கொஞ்சம் யோசித்து, "மறுநாள் நெறைய தோணிச்சு. எழுதி வெச்சிருக்கேன், வேணும்னா சொல்றேன்."

சிரித்துவிட்டேன். ஒரு மாசத்தில் முதல் தடவை. ஆனாலும் எழுந்து பெட்டியைத் தொட மனம் வரவில்லை. கமடோர் அதோ மேஜை மேல் இருக்கிறது. அதற்கு முன்னாலேயே இதையா? பைத்தியக்காரத்தனம், பெட்டிக்குக் கண்ணா இருக்கிறது? இருந்தாலும்.

கிரெசென்சியோவின் லாரி ஞாபகம் வந்தது. அதில் ஏற்றியிருந்த கோதுமைக்கு எந்தப் பெட்டி என்று தெரியுமா?

"ஏத்து உன் ஆமையை. ஆனா ஒண்ணு, எரால்டோ. பாதிப் பேரை அடிச்சாலே கண்டுபிடிக்கணும். அது என் வழி. அதுல நீ கை வைக்கக் கூடாது."

"வைக்கலே."

கமடோர் கேசட்டை எம்எஸ்எக்ஸ் படிக்காது. அதனால் ஒன்றுவிடாமல் நான் வாசிக்க, அவன் அடிக்க. பசுவின் கால் மாதிரி கனத்த விரல். தாங்க முடியாமல் கடைசியில் அவனை எழுப்பிவிட்டு நானே அடித்தேன், அவன் வாசித்தான்.

டிசம்பர் 23

தினமும் மதியத் தூக்கத்தை விட்டுவிட்டோம். நான் 'மாமியார் மூலை' என்றால் அவன், "அந்தத் தொட்டி அக்டோபர்லயே வெடிச்சுப் போச்சு, எடுத்துடு" என்கிறான். லாரிக்காரர்களுக்கு வழி தெரியும், தொட்டிக்குள் எட்டிப் பார்க்க அவர்களுக்கு என்ன வேலை? இரண்டு தொட்டி, மூன்று கேட் இப்படித் திருந்தின. இருபத்தெட்டாம் தேதி என்னுடையது ஓடியிருந்தால் ஒருநாள் வண்டி உடைந்த தொட்டிக்குப் போயிருக்கும்.

எம்எஸ்எக்ஸில் கோடு போட ஒரே கட்டளைதான். சரி. இருக்கட்டும்.

டிசம்பர் 25

கிறிஸ்துமஸ். தாச்சோ பழ ரொட்டியோடு வந்தான். மேஜை மேல் எம்எஸ்எக்ஸைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றான்.

"நெலா... இது என்னது?"

"பெட்டி."

"நம்ம பெட்டி எங்கே?"

"அலமாரி மேல. பத்திரமா இருக்கு."

அவன் முகம் யாரோ இறந்துபோன மாதிரி ஆயிற்று. எல்லாவற்றையும் சொன்னேன். பழ ரொட்டியை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு, "கிளப்புல சொல்ல மாட்டேன்" என்றான். சொல்லிவிடுவான். புத்தாண்டுக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். தெரியட்டும்.

டிசம்பர் 30

காவல் அறையில் ஏற்றிவிட்டோம். எரால்டோவின் வீட்டு ரெக்கார்டரில் ஒரு தடவை, தாச்சோவின் பாட்டு ரெக்கார்டரில் ஒரு தடவை, நிலையத்தில் மூன்று தடவை போட்டுப் பார்த்த பிறகுதான் கைப்பையை மூடினேன்.

1988 ஜனவரி 3

கமடோர் கூட்டத்தில் நான்கு பேர் என்னோடு பேசுவதில்லை. துரோகியாம். அவர்களில் ஒருவருடைய வயல் ரெட்டைக் காற்றாலைக்கு அடுத்தது. அதையும் ஏற்றியிருக்கிறேன்.

ஜனவரி 7, வியாழன்

சைரன் ஊதியது. எடைமேடையிலிருந்து ஓடிப்போய் ஜன்னலில் நின்றேன். தெற்கே புகை. போன் அடிக்கும் என்று பார்த்தேன். அடிக்கவில்லை. லாரி வரிசை ஹாரன் அடித்தது, நான் நகரவில்லை. சிவப்பு வண்டி என் முன்னாலேயே போயிற்று. நேராகப் பெரிய கேட்டுப் பக்கம் போகாமல் ரயில் பாதைப் பக்கம் திரும்பியது.

ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. கேட்க அவசியம் இல்லை. வேலியோரம் ஒரு மூலை மட்டும் கருகிற்று.

வீட்டுக்கு வந்து அழுதேன். நன்றாக அழுதேன். யார் படிக்கப் போகிறார்கள், எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 9, சனி

இரண்டு புது வழிகளைச் சேர்க்கக் காவல் அறைக்குப் போனேன். உள்ளே எம்எஸ்எக்ஸ்காரர்கள் மூன்று பேர் கமாண்டரைச் சூழ்ந்துகொண்டு கத்திக்கொண்டிருந்தார்கள். எரால்டோ சுவரில் சாய்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதை அழிக்கணும் கமாண்டர்! எங்க பெட்டி! எங்க பெட்டில எப்படி இது வரலாம்?"

ஸ்கிரீனைப் பார்த்தேன். புரோகிராம் தொடங்கும் இடத்தில், முதல் வரி, பெரிய எழுத்தில்: எல் சௌசல் கமடோர் நண்பர்கள் கழகம் வழங்குவது.

நான் போடவில்லை.

"யார் போட்டது இது?" என்று ஒருவன் எரால்டோவின் முகத்துக்கு நேராகக் கேட்டான்.

"நான்தான். வழி கண்டுபிடிக்கறது அவ எழுதினது, பேருங்க அவ சேத்தது, அடிச்சதும் அவ. நான் தொட்டிக்குள்ள எட்டிப் பாத்தேன், அவ்வளவுதான். அழிக்கத் தெரிஞ்சவங்க அழிச்சுக்கோங்க."

அவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. கமாண்டருக்குச் சிரிப்பு; இருமுவது போல நடித்தார்.

எனக்குத் தெரியும். உட்கார்ந்தேன். அந்த வரியைத் தொடவில்லை. அதற்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தேன்: தவறு திருத்தியவர், எரால்டோ புஸ்திந்துய், எம்எஸ்எக்ஸ், மாட்டு டாக்டர். பதிந்து, மறுபடி ஏற்றிக் காட்டினேன். எரால்டோ வந்து தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, "'மாட்டு'ங்கறது அவசியமா?" என்றான். அவசியம் என்றேன்.

மாலை கிளப். ஜன்னல் பக்கம் என் நாற்காலி காலியாக இருந்தது; தாச்சோ அதன் மேல் பையை வைத்துப் பிடித்து வைத்திருந்தான். பேசாத நான்கு பேரில் ஒருவர் எனக்கு ஒயின் ஊற்றினார், பேசாமலேயே. களத்தின் பக்கம் எரால்டோ வந்து உட்கார்ந்தான். சீட்டாடுகிறவர்கள் சீட்டு கலைத்தார்கள். கொஞ்ச நேரம் எல்லோரும் நல்லவர்களாக இருந்தார்கள், யாரும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. என்னால் பொறுக்க முடியவில்லை.

"டாக்டரே," என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி, "மூணு வாரமா உங்க பெட்டியோட குடித்தனம் பண்ணிட்டேன். அந்தச் சத்தத்தைப் பாட்டுன்னு சொல்றீங்களே, உங்களுக்கு வெட்கமா இல்லே?"